சர்வதேசத் தொண்டு நிறுவன ஊழியரின் அடுத்த படி: கொழும்பா, துறை நிபுணத்துவமா, வெளிநாடா, உள்ளூர் நிறுவனமா?

ஏழெட்டு வருடம் கள உத்தியோகத்தராகவும் திட்ட உத்தியோகத்தராகவும் ஓடியாயிற்று. பிரதேச செயலகத்தில் எந்த மேசைக்குப் போனால் கடிதம் நகரும் என்பதும், கொடையாளருக்குப் போகும் காலாண்டு அறிக்கையில் எந்தப் பந்தியில் கேள்வி வரும் என்பதும் அத்துப்படி. ஒப்பந்தம் மட்டும் இன்னும் ஒரு வருடத்துக்குத்தான் இருக்கிறது. கிளிநொச்சியிலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் ஐஎன்ஜிஓ எனப்படும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களில் வேலை செய்கிற பலர் நிற்பது இந்த இடத்தில்தான். இதே நிறுவனத்தில் மேலே ஏறுவதா, ஒரு துறையில் நிபுணராவதா, வெளிநாட்டுப் பணிக்குப் போவதா, உள்ளூர் நிறுவனமொன்றைப் பொறுப்பெடுப்பதா என்பதுதான் அவர்கள் கேட்கிற கேள்வி.

பதவியின் பெயரை வைத்து இதற்கு விடை தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். முகாமையாளர் என்ற சொல் ஒரு நிறுவனத்தில் இருபது ஊழியரையும் பல கோடி ரூபா பட்ஜெட்டையும் குறிக்கும். இன்னொன்றில் ஒரே ஆள் ஒரு திட்டத்தைத் தனியாக இழுப்பதைக் குறிக்கும். சம்பளம் எந்தப் பணத்திலிருந்து வருகிறது, அந்தப் பணம் எப்போது முடிகிறது, உங்கள் ஒப்பத்துக்கு எவ்வளவு பெறுமதி என்ற மூன்றையும் கேட்டறிந்துவிட்டால் பாதித் தெரிவு முடிந்த மாதிரி.

## எவற்றை வைத்து அளப்பது

சம்பளம் இருக்கும் வரி. ஐஎன்ஜிஓ ஊழியரின் சம்பளம் ஒரு திட்டத்தின் பட்ஜெட்டில் நேரடி வரியாக இருக்கும், அல்லது பல திட்டங்கள் பங்கிட்டுக் கட்டும் பொதுச் செலவாக இருக்கும், அல்லது நிறுவனத்தின் சொந்தப் பணத்திலிருந்து வரும். மாதக் கடைசியில் ஒப்பமிடுகிற டைம்ஷீட்டை எடுத்துப் பாருங்கள். முதல் திட்டத்துக்கு 40 வீதம், இரண்டாவதுக்கு 35, மூன்றாவதுக்கு 25 என்று இருக்கிறது என்று வைப்போம். இரண்டாவது திட்டம் ஜூன் 30ஆம் திகதி முடிந்தால், ஜூலை முதலாம் திகதியிலிருந்து உங்கள் சம்பளத்தின் 35 வீதத்தைக் கட்ட ஆளில்லை. நிதிப் பகுதிக்கு இது மாதக்கணக்கில் முன்பே தெரியும். ஊழியரின் காதுக்கு வரும்போது பெரும்பாலும் சில வாரங்கள்தான் மிஞ்சியிருக்கும். ஆகவே நேரே கேளுங்கள்: "அடுத்த நிதியாண்டில் என் பதவியின் எத்தனை வீதம் கையெழுத்தான ஒப்பந்தங்களில் இருக்கிறது? எத்தனை வீதம் முன்மொழிவில் மட்டும் இருக்கிறது?"

2025க்குப் பிறகு இதைக் கேட்காமல் எந்தப் பதவியையும் ஏற்கக் கூடாது. அந்த வருடம் ஜனவரி 20ஆம் திகதி அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்தியது. மார்ச் 10ஆம் திகதி தன் உதவி முகவரகமான யுஎஸ்எயிட்டின் திட்டங்களில் 83 வீதம் ரத்து என்று அறிவித்தது. பிரித்தானியாவும் தன் உதவியை 2027இல் தேசிய வருமானத்தின் 0.3 வீதமாகக் குறைப்பதாகச் சொல்லிவிட்டது. நன்றாக நடந்துகொண்டிருந்த திட்டங்களே நடுவில் நின்றன. ஊழியரின் திறமைக்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தமே இருக்கவில்லை.

ஒப்பத்தின் பெறுமதி. ஒவ்வொரு நிறுவனத்திலும் அதிகாரப் பகிர்வு அட்டவணை ஒன்று உண்டு. கொள்வனவுக்கு யார் எத்தனை ரூபா வரை ஒப்பமிடலாம், ஆள் எடுக்க யார், பங்காளி நிறுவனத்துக்குத் தவணைப் பணம் விடுவிக்க யார் என்று அதில் எழுதியிருக்கும். தரப்படுவது தலைமைப் பதவியா என்பதை அந்த அட்டவணையில்தான் காணலாம், வேலை விளம்பரத்தில் காண முடியாது.

முழு வருமானம். அடிப்படைச் சம்பளம் 2,00,000 ரூபா என்று எடுங்கள். தொழில்தருநர் ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்டும் 12 வீதம் 24,000. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் 6,000. ஐந்து வருடம் முடித்தால் வருடமொன்றுக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை, அதை மாதத்துக்குப் பிரித்தால் 8,333. ஆக, கையில் காணாத பணம் மாதம் 38,333 ரூபா. இதே வேலையை ஆலோசகர் ஒப்பந்தத்தில் தந்தால் இவற்றில் ஒன்றும் இல்லை. சம்பளத்துடனான 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமய விடுமுறையும் மருத்துவக் காப்புறுதியும் இல்லை. எல்லாவற்றையும் கூட்டினால், 2,60,000க்குக் குறைந்த ஆலோசகர் கட்டணம் 2,00,000 சம்பளத்துக்கு ஈடாகாது. சம்பளத்தை அடிப்படை, படி என்று உடைத்துத் தருகிற நிறுவனங்களில் எந்தப் படிகளுக்குச் சேமலாப நிதி கட்டுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

நாணயமும் இதில் சேரும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. கொடையாளரின் பணம் டொலரிலோ யூரோவிலோ வந்ததால் அலுவலகங்களின் ரூபா பட்ஜெட் வீங்கியது. ரூபாவில் நிலையான சம்பளம் வாங்கியவரின் வீட்டில் அரிசியும் பால்மாவும் மட்டும் விலை ஏறின. இடைநடுவில் சம்பளத்தைத் திருத்தும் விதி மனிதவளக் கையேட்டில் எழுதப்பட்டிருந்த இடங்களில் ஊழியர்கள் தப்பினார்கள். அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

இவற்றுடன் குடும்பம் எங்கே இருக்கும், பாதுகாப்புக்கு யார் பொறுப்பு, இந்தப் பதவி அடுத்து எந்தக் கதவைத் திறக்கும் என்ற மூன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

| அளவுகோல் | நாட்டு அலுவலக முகாமைத்துவம் | துறை நிபுணத்துவம் | வெளிநாட்டுப் பணி | உள்ளூர் நிறுவனத் தலைமை |
|---|---|---|---|---|
| சம்பளம் வரும் இடம் | திட்ட வரி; மேலே போகப் போகப் பொதுச் செலவு | பல திட்டங்களின் பங்கு | திட்ட வரி, அவசரகால நிதி | நீங்களே தேட வேண்டும் |
| ஒப்ப அதிகாரம் | வரம்புடன் உண்டு | குறைவு | பதவியைப் பொறுத்து அதிகம் | முழுமையாக, பொறுப்பும் முழுமையாக |
| சேமலாப நிதி, பணிக்கொடை | தொடரும் | ஊழியராக இருந்தால் தொடரும் | பெரும்பாலும் நின்றுவிடும் | நீங்கள் கட்டினால்தான் |
| குடும்பம் | கொழும்புக்கு இடம்பெயர்வு | பெரும்பாலும் ஊரிலேயே | பிரிவு | ஊரிலேயே |
| மறைந்த செலவு | மொழி, வாடகை | ஆங்கில எழுத்து, துறை காலாவதியாதல் | திரும்பி வருதல் | மேல்நிலைச் செலவு, சொந்தப் பெயர் |
| பொருந்துபவர் | கணக்கும் மனிதரும் ஒருங்கே கைவருபவர் | ஒன்றில் ஆழ்பவர் | கடமை இலேசானவர் | ஊரில் வேரும் பொறுமையும் உள்ளவர் |

## முதல் தெரிவு: இதே நாட்டு அலுவலகத்தில் மேலே ஏறுவது

திட்ட உத்தியோகத்தர், திட்ட முகாமையாளர், பிராந்திய முகாமையாளர், நிகழ்ச்சித்திட்டத் தலைவர், நாட்டுப் பணிப்பாளர் என்று ஏணி போகும். கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவில் இருக்கிறது. அதுவரை செயற்பாடுகளை நடத்தினால் போதும். அதற்கு மேல் பணத்தை வாசிக்கத் தெரிய வேண்டும்.

24 மாதத் திட்டம் ஒன்றில் 12 மாதம் கடந்துவிட்டது. செலவு 30 வீதம். கூட்டத்தில் எல்லோரும் மழையையும் கேள்விப்பத்திரத் தாமதத்தையும் சொல்வார்கள். முகாமையாளர் பார்க்க வேண்டியது, அந்த 30 வீதத்துக்குள் சம்பளம் எவ்வளவு, செயற்பாடு எவ்வளவு என்பதை. சம்பளம் நேரத்தோடு 50 வீதம் போயிருக்கும், செயற்பாடு 20 வீதத்தில் நிற்கும். கடைசியில் கொடையாளரிடம் மேலதிகப் பணமில்லாத கால நீடிப்புக் கேட்பார்கள், ஆறு மாதம் கிடைக்கும். ஆனால் 24 மாதத்துக்கு ஒதுக்கிய சம்பளம் 24 மாதத்தில் தீர்ந்துவிடும். நீடிப்புக் காலத்தில் ஆட்களை வைத்திருக்கப் பணமில்லாமல் களத்தில் இரண்டு பேரை நிறுத்துவார்கள். மாதாந்தம் பட்ஜெட்டையும் செலவையும் ஒப்பிடும் தாளில் ஏழாம் மாதமே இதைக் கண்டுபிடிக்கிறவர்தான் மேலே போகத் தகுதியானவர். நிதி உத்தியோகத்தருடன் மாதம் ஒரு மணித்தியாலம் இருந்து அந்தத் தாளை வரி வரியாகப் படியுங்கள். பல நாள் பயிற்சிப் பட்டறையைவிட அது பயன் தரும்.

பதில் கடமை கிடைத்தால் கடிதத்தில் வாங்குங்கள். தொடங்கும் திகதி, முடியும் திகதி, பதில் கடமைப் படி, அந்தக் காலத்துக்கான ஒப்ப வரம்பு ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். வாய்மொழியாக வருடக்கணக்கில் பதில் கடமை பார்த்துவிட்டு, பதவி விளம்பரப்படுத்தப்படும்போது அனுபவத்தை நிரூபிக்க ஒரு தாள்கூட இல்லாமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது. அதிலும் பெண் உத்தியோகத்தர்கள் இப்படி இழப்பதைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. பிரசவ விடுமுறை 84 வேலை நாட்கள் என்று சட்டம் சொல்கிறது. அதற்குள் ஒப்பந்தம் முடிகிறதா, முடிந்தால் நீடிப்பார்களா என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

மறைந்த செலவுகளில் முதலாவது கொழும்பு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீடெடுத்தால் மாத வாடகையுடன் முற்பணமும் கேட்பார்கள். பிள்ளைகளின் தமிழ்மொழிப் பாடசாலை, ஊரில் தனித்துப்போகும் பெற்றோர், மாதம் இரண்டு முறை இரவு பஸ் என்று அது வளரும். சம்பள உயர்வு 25 வீதத்துக்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலான குடும்பங்களில் மாதக் கடைசியில் மிச்சம் பழையதைவிடக் குறையும். மற்றது மொழி. முகாமைத்துவக் கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும், அமைச்சிலும் திணைக்களத்திலும் காரியம் சிங்களத்தில் நடக்கும். சிங்களத்தில் ஒரு கூட்டத்தை நடத்த முடியாத நிகழ்ச்சித்திட்டத் தலைவர் அந்த உறவுகளை இன்னொருவர் கையில் விட வேண்டிவரும். அந்த உறவுகளோடு அதிகாரமும் போய்விடும்.

நாட்டுப் பணிப்பாளர் பதவி முன்பு பெரும்பாலும் வெளிநாட்டவருக்கே போனது. நிதி சுருங்கச் சுருங்க இலங்கையருக்குத் திறக்கிறது, நல்லதுதான். ஆனாலும் இரண்டு கேள்விகள் கேட்காமல் ஏற்காதீர்கள். முந்தியவர் இருந்த அதே தரத்திலா, குறைத்த தரத்திலா நியமிக்கிறீர்கள்? அடுத்த மூன்று வருடத்துக்கு இந்த நாட்டுக்கான தலைமையகத்தின் திட்டம் என்ன? அலுவலகத்தை மூடுவதற்கு ஒரு வருடம் முன்பு உள்ளூரவரை நியமிப்பதும் உண்டு. அப்படியென்றால் உங்கள் முதல் வேலை சக ஊழியருக்கு விலகல் கடிதம் கொடுப்பது. தெரிந்து ஏற்றால் அது மதிப்புமிக்க அனுபவம், ஒழுங்காக மூடத் தெரிந்தவர்கள் குறைவு. மூடாமல் உருமாறியவையும் உண்டு. கெயார் என்ற ஐஎன்ஜிஓவின் இலங்கை அலுவலகம் கிறிசலிஸ் என்ற உள்நாட்டு நிறுவனமானது.

இந்தப் பாதை பொருந்துவது, நிறுவனத்துக்குக் குறைந்தது மூன்று கொடையாளர்கள் இருந்து, அவர்களில் எவரது பங்கும் பாதியைத் தாண்டாதபோது. பணிக்கொடைக்கு ஐந்து வருடம் முடியச் சில மாதமே இருந்தாலும் பொறுத்திருப்பது நல்லது.

## இரண்டாம் தெரிவு: துறை நிபுணராவது

கண்காணிப்பும் மதிப்பீடும், நீர் சுகாதாரம், போசாக்கு, காசு உதவித் திட்டங்கள், பாதுகாப்புக் கொள்கை, கண்ணிவெடி அகற்றல் என்று துறைகள் பல. ஊரைவிட்டுப் போகாமலே சம்பளம் உயரக்கூடிய பாதை இது.

வடக்கில் இதைக் கண்ணால் பார்க்கக்கூடிய துறை கண்ணிவெடி அகற்றல். ஹேலோ ட்ரஸ்ட், மாக், உள்ளூர் நிறுவனங்களான டாஷ், ஷார்ப் ஆகியவற்றில் வேலை செய்த பெண்களும் ஆண்களும் ஒழுங்கைக்குள் குந்தியிருந்து மண் கிளறுவதில் தொடங்கி, பிரிவுத் தலைவர், குழுத் தலைவர், மேற்பார்வையாளர் என்று ஏறினார்கள். இங்கே ஏணியின் படிகள் உலகம் முழுவதும் ஒன்று. வெடிபொருள் அகற்றலின் முதலாம் மட்டம் தனியொரு வெடிபொருளை இருந்த இடத்திலேயே அழிக்க அனுமதிக்கும், இரண்டாம் மட்டம் நகர்த்திக் கொண்டுபோய் அழிக்கவும், மூன்றாம் மட்டம் இன்னும் பரந்த வகைகளைக் கையாளவும். மூன்றாம் மட்டச் சான்றிதழ் உள்ளவருக்கு வேறு நாடுகளிலும் கேள்வி உண்டு. பத்து வருடம் களத்தில் இருந்தும் முதலாம் மட்டத்தோடு நின்றவருக்கு அந்தக் கதவு திறக்காது. சான்றிதழ்ப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி ஒவ்வொரு வருட மதிப்பீட்டுப் படிவத்திலும் எழுதுங்கள், அங்கே எழுதாத கோரிக்கை பதிவில் இராது.

அதே துறை இன்னொன்றையும் காட்டுகிறது. கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. நிலத்தை முழுதாகச் சுத்தப்படுத்தும் கெடு 2028 ஜூன் 1. நீடிப்புக் கேட்க உடன்படிக்கையில் இடமுண்டு என்றாலும், வேலை வெற்றியாக முடிந்தால் இந்த நாட்டில் அந்தத் தொழிலும் முடியும். போருக்குப் பின் வீடமைப்பில் இது நடந்தது. 2012 அக்டோபரில் வீட்டுக்காரர் தாமே கட்டும் முறையில், ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா வீதம், இந்திய வீட்டுத்திட்டம் வந்தபோது தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு ஊரெல்லாம் தேவை. அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாகப் பார்த்துத் தவணைக்கு ஒப்பமிட்ட அவர்கள் வீடுகள் முடிந்ததும் வேறு வேலை தேடினார்கள். பிழைத்துக்கொண்டவர்கள் வீடு கட்டும் அறிவை மட்டும் வைத்திருந்தவர்களல்லர். பயனாளியின் கணக்குக்குத் தவணை தவணையாகப் பணம் போடும் நடைமுறையைக் கற்றுக்கொண்டு, அதைக் காசு உதவித் திட்டங்களுக்குக் கொண்டுபோனவர்கள்தான்.

ஆகவே துறையைத் தெரியும்போது, அதற்குள் எந்தப் பகுதி வேறு துறைக்கும் செல்லும் என்று பாருங்கள். கண்காணிப்பு மதிப்பீட்டில் மாதிரி எடுத்தல், கேள்விக்கொத்து வடிவமைத்தல், கோபோ என்ற தரவு சேகரிப்புச் செயலியில் தரவு சேர்த்துச் சுத்தப்படுத்தல் எங்கும் செல்லும். ஒரு கொடையாளரின் படிவத்தை நிரப்பும் திறமை அந்தக் கொடையாளரோடு போய்விடும்.

ஆங்கிலத்தில் எழுதுவதுதான் இங்கே பலரை நிறுத்துகிறது. களத்தில் கண்டதைத் தமிழில் மணிக்கணக்கில் விளக்கக்கூடியவர், இரண்டு பக்க ஆங்கிலச் சுருக்கத்தில் தடுமாறுவார். கொழும்பில் இருக்கும் இன்னொருவர் அதை எழுதி, தன் பெயரைப் போடுவார். இதைச் சரிசெய்ய ஒன்றரை இரண்டு வருடம் பிடிக்கும். மாதம் ஒரு பக்கம் எழுதி, ஒரே ஆளிடம் திருத்தக் கொடுத்து, திருத்தியதைத் திரும்ப எழுதுங்கள்.

தலைமைக்கு வர ஆசையுள்ள நிபுணர் இன்னொன்றையும் செய்ய வேண்டும். துறை நிபுணர் பதவியில் கீழே ஆட்களும் இல்லை, பட்ஜெட்டும் இல்லை. ஐந்து வருடம் கழித்து முகாமையாளர் பதவிக்குப் போட்டியிடும்போது இவை இரண்டும் கேட்கப்படும். ஒரு உதவியாளரின் மேற்பார்வையையும் மதிப்பீட்டுக்கான பட்ஜெட் வரியையும் உங்கள் பெயரில் எழுதித்தரக் கேளுங்கள். நிறுவனத்துக்கு இதனால் செலவில்லை.

## மூன்றாம் தெரிவு: வெளிநாட்டுப் பணி

டொலர் சம்பளம், தங்குமிடம், ஆபத்துப் படி, ஆறு அல்லது எட்டு வாரத்துக்கு ஒரு ஓய்வு விடுமுறை. எண்களில் இது மற்ற மூன்றையும் விஞ்சும். அதனால் எண்களை இங்கே விரிக்கப் போவதில்லை. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவைதான் முக்கியம்.

- சம்பளத் தரம் பணியிடத்தை வைத்தா, கடவுச்சீட்டை வைத்தா? பக்கத்து நாட்டவர் என்று தனித் தரம் வைத்து, ஒரே வேலைக்கு ஐரோப்பியரைவிடக் குறைத்துக் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு.
- குடும்பம் வரக்கூடிய நிலையமா? ஐநா முறையில் ஏ முதல் ஈ வரை கடினத் தரம் இருக்கிறது, அதில் கடினமானவை பெரும்பாலும் குடும்பம் வர முடியாதவை.
- காப்புறுதியில் போர் விலக்கு இருக்கிறதா? மருத்துவ வெளியேற்றம் எந்த நாடு வரை?
- திட்டம் இடையில் நின்றால் எத்தனை மாதச் சம்பளம், வீடு திரும்பும் செலவு யாருடையது?

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லும்போது 2006 ஆகஸ்ட் 4ஐக் கடந்து போக முடியாது. மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமான அக்சியோன் கோன்ட்ர லா பாமின் அலுவலகத்தில் கொல்லப்பட்ட 17 பேரும் உள்ளூர் ஊழியர்கள். வெளியேற்றத் திட்டங்கள் பெரும்பாலும் வெளிநாட்டு ஊழியரை வைத்தே எழுதப்படுகின்றன, உலகெங்கும் இறப்பவர்களில் மிகப் பெரும்பான்மையினர் அந்தந்த நாட்டு ஊழியர்கள். வெளிநாட்டுப் பணிக்குப் போனால் நீங்கள் வெளியேற்றப்படும் பக்கத்தில் இருப்பீர்கள். உங்கள் கீழ் வேலை செய்பவர்கள் தங்கிவிடும் பக்கத்தில் இருப்பார்கள். அவர்களுக்கான திட்டம் என்ன என்று நேர்முகத் தேர்விலேயே கேட்கும் உரிமை, அந்த இடத்தில் நின்ற மண்ணிலிருந்து போகிற நமக்கு நிறையவே இருக்கிறது.

மறைந்த செலவு திரும்பி வருவதில் இருக்கிறது. நான்கைந்து வருடம் வெளியே இருந்து வரும்போது சேமலாப நிதியில் அந்தக் காலம் வெற்றாக இருக்கும், பணிக்கொடை எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும், துணையின் வேலை போயிருக்கலாம். இங்கே நாட்டு அலுவலகங்களும் சுருங்கியிருக்கும். போகுமுன்பே மாதாந்தம் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட ஒழுங்கு செய்யுங்கள். அடிப்படைச் சம்பளத்தின் 20 வீதம், ஊழியரும் தொழில்தருநரும் சேர்ந்து கட்டும் சேமலாப நிதிக்குச் சமம்.

ஒரேயடியாகக் குதிக்கத் தேவையில்லை. நிறுவனத்தின் அவசரகாலப் பட்டியலில் பெயர் கொடுத்து, ஆறு முதல் பன்னிரண்டு வாரத் தற்காலிகப் பணியொன்றுக்குப் போய்ப் பார்க்கலாம். 2017 ஆகஸ்டுக்குப் பின் பங்களாதேஷின் கொக்ஸ் பஜாரில் ரொஹிங்யா முகாம்களுக்குத் தெற்காசியாவிலிருந்து பலர் அப்படித்தான் போனார்கள். ஐநா தொண்டர் திட்டமும் ஒரு வாசல். சர்வதேச நிபுணர் பிரிவுக்கு 27 வயதும் மூன்று வருட அனுபவமும் வேண்டும். கொடுப்பனவு சம்பளத்தைவிடக் குறைவு, ஆனாலும் முதல் வெளிநாட்டு அனுபவம் என்ற தடையை அது உடைக்கும். பொருந்துவது, பிள்ளைகள் இன்னும் பிறக்காத அல்லது வளர்ந்துவிட்ட வீடுகளுக்கு. சாதாரண தரப் பரீட்சைக்குப் பிள்ளை இருக்கும் வருடத்தில் போனவர்கள் பலர் ஒப்பந்தம் முடிய முன்பே திரும்பினார்கள்.

## நான்காம் தெரிவு: உள்ளூர் நிறுவனத்தின் தலைமை

2016இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான மாநாட்டில் கொடையாளர்களும் பெரிய நிறுவனங்களும் மனிதாபிமான நிதியின் 25 வீதத்தை உள்ளூர் அமைப்புகளுக்கு நேராகவோ முடிந்தவரை நேராகவோ கொடுப்பதாக, 2020ஐக் கெடுவாக வைத்து உறுதி சொன்னார்கள். அது நிறைவேறவில்லை. ஆனாலும் உள்ளூர் நிறுவனங்களுக்கு நல்ல தலைவர்கள் தேவைப்படுகிறார்கள், ஐஎன்ஜிஓவில் பழகிய கை அங்கே பெரிய வித்தியாசத்தைச் செய்யும். இந்த நான்கில் ஊருக்கு அதிகம் பயன்படும் தெரிவு இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள் என்கிறேன்.

பணம் வரும் விதம் முதலில். ஐரோப்பிய ஒன்றியத்தின் மானியங்களில் மேல்நிலைச் செலவுக்கு, அதாவது நிறுவனத்தை நடத்தும் பொதுச் செலவுக்கு, 7 வீதம் வரை உண்டு. மானியம் ஐஎன்ஜிஓ வழியாக உள்ளூர் பங்காளிக்கு வரும்போது அந்த 7 பெரும்பாலும் மேலேயே தங்கிவிடும். உங்களுக்குச் செயற்பாட்டுப் பணமும் ஒரு கணக்காளரின் பாதிச் சம்பளமும் வரும். அலுவலக வாடகை, கணக்காய்வுக் கட்டணம், இரண்டு திட்டங்களுக்கு இடைப்பட்ட நான்கு மாதம் எதிலிருந்து? கடைசித் தவணையை இறுதிக் கணக்காய்வு முடியும்வரை நிறுத்திவைக்கும் ஒப்பந்தங்களும் சாதாரணம். வேலையை முடித்து, கடைக்காரருக்குக் காசு கொடுத்துவிட்டு, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். மேல்நிலைச் செலவைச் சமமாகப் பங்கிடும்படி ஒப்பந்தம் எழுதும் கட்டத்திலேயே கேளுங்கள், கையெழுத்தான பின் கேட்டுப் பயனில்லை.

பொறுப்பு அடுத்தது. ஊழியர் சேமலாப நிதிப் பணம் அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்குள் கட்டப்பட வேண்டும். பத்து நாள் பிந்தினாலே 5 வீத மிகைக் கட்டணம், மூன்று மாதம் தாண்டினால் 30, ஒரு வருடம் தாண்டினால் 50 வீதம். இந்த மிகைக் கட்டணத்தை எந்தக் கொடையாளரின் பட்ஜெட்டிலும் போட முடியாது. இதைத்தான் புதிய தலைவர்கள் பதவியேற்று மூன்றாம் நான்காம் மாதத்தில் அலுமாரிக்குள் கண்டுபிடிக்கிறார்கள்.

ஏற்குமுன் கேட்டு வாங்க வேண்டிய தாள்கள்: கடந்த மூன்று வருடக் கணக்காய்வு அறிக்கைகளும் முகாமைத்துவக் கடிதங்களும், சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் கட்டிய கடைசிப் பன்னிரண்டு மாதப் பற்றுச்சீட்டுகள், பதிவுச் சான்றிதழ், கடைசிப் பொதுக்கூட்டக் குறிப்பு, வங்கிக் கணக்கில் ஒப்பமிடுபவர்களின் பட்டியல், நடக்கும் ஒப்பந்தங்களும் அவை முடியும் திகதிகளும். பதிவு 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூகசேவை அமைப்புகள் சட்டத்தின் கீழா, 2007 கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாத நிறுவனமா என்பதும் தெரிய வேண்டும். மேற்பார்வை அலுவலகமும் இயக்குநரின் பொறுப்பும் இரண்டிலும் வேறு.

கணக்காய்வாளர் தான் கண்ட குறைகளை எழுதித்தரும் முகாமைத்துவக் கடிதத்தைக் கவனமாகப் படியுங்கள். ஒரே குறை மூன்று வருடமும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தால், நிறுவனத்தின் நிர்வாக சபை அதை வாசிக்கவில்லை, அல்லது வாசித்தும் அசையவில்லை. இரண்டிலும் உங்கள் சீர்திருத்தம் எதிர்ப்பைச் சந்திக்கும்.

இன்னொன்று நிறுவுநர். இருபது வருடம் நிறுவனத்தைத் தோளில் சுமந்தவர் ஓய்வுபெற்று, ஆலோசகர் என்ற பெயரில் அதே அறையில் இருப்பார். அவர் தியாகம் பெரிது, மரியாதை குறையக் கூடாது. ஆனால் வங்கி ஒப்பம் அவரிடமே இருந்தால் நீங்கள் அவருடைய உதவியாளர்தான். ஒப்பம் மாறும் திகதியை நியமனக் கடிதத்தில் போடக் கேளுங்கள். கேட்பதற்கே மனம் கோணினால் அங்கே போக வேண்டாம்.

கையிருப்பில் மூன்று மாத நடைமுறைச் செலவு, குறைந்தது இரண்டு கொடையாளர், விடத் தயாரான நிறுவுநர் ஆகிய மூன்றும் இருந்தால் சம்பளம் 20 வீதம் குறைந்தாலும் இது பெறுமதியான தெரிவு. மூன்றில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் முதலில் சபை உறுப்பினராகச் சேர்ந்து ஒரு வருடம் உள்ளே இருந்து பாருங்கள்.

## ஐநா முகவரகங்கள் பற்றி ஒரு குறிப்பு

பலர் ஐந்தாவது தெரிவாக இதைக் கேட்கிறார்கள். உள்நாட்டுப் பதவிகள், பொதுச் சேவைத் தரத்தில் ஜி-1 முதல் ஜி-7 வரையும், தேசிய உத்தியோகத்தர் தரத்தில் என்ஓ-ஏ முதல் மேலேயும் இருக்கின்றன. ஜி தரத்தில் சேர்ந்தவர் என்ஓ தரத்துக்குத் தானாக உயர்வதில்லை. பட்டம் வேண்டும், வெளியாருடன் போட்டியிட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே பட்டதாரி, சம்பளம் நன்றாக இருக்கிறது என்று ஜி தரத்தில் நுழையுமுன் யோசிக்க வேண்டும். தற்காலிக நியமனமா நிலையான கால நியமனமா என்பதையும் கேளுங்கள். தற்காலிகம் பொதுவாக 364 நாளைத் தாண்டாது.

## எப்போது நகர்வது, விலகும்போது என்ன வாங்குவது

ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது டைம்ஷீட்டைப் பார்த்து, சம்பள வரி பற்றிய கேள்வியைக் கேளுங்கள். நான்கு மாதம் இருக்கையில் விண்ணப்பங்கள் போகத் தொடங்க வேண்டும். ஐஎன்ஜிஓ ஆட்சேர்ப்பு விளம்பரத்திலிருந்து நியமனம் வரை இரண்டு மூன்று மாதம் எடுக்கும். நான்கு வருடம் எட்டு மாதச் சேவையில் நல்ல வாய்ப்பு வந்தால், புதிய இடத்தில் தொடங்கும் திகதியைத் தள்ளக் கேட்பதில் தவறில்லை. ஐந்து வருடம் முடியாமல் போனால் இரண்டரை மாதச் சம்பளம் கையை விட்டுப் போகும். வருடா வருடம் புதிய ஒப்பந்தம் தந்து நடுவில் சில நாள் இடைவெளி விட்டிருந்தால் எல்லாக் கடிதங்களையும் வைத்திருங்கள், சேவை தொடர்ந்ததென்று நிரூபிக்க அவைதான் சாட்சி.

விலகும் நாளில் சேவைக் கடிதத்தில் பதவிகளும் திகதிகளும் மட்டும் இருந்தால் போதாது. கையாண்ட பட்ஜெட் தொகை, மேற்பார்வை செய்த ஆட்களின் எண்ணிக்கை, கொடையாளரின் பெயர் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். மனிதவள உத்தியோகத்தர் மாறிவிட்டாலோ அலுவலகம் மூடிவிட்டாலோ பிறகு எழுதித்தர ஒருவரும் இருக்கமாட்டார்கள். பணிக்கொடை விலகிய 30 நாளுக்குள் வர வேண்டும், வராவிட்டால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிடலாம். சேமலாப நிதியைப் பெண்கள் 50, ஆண்கள் 55 வயதில்தான் சாதாரணமாக எடுக்கலாம். அதற்குள் நாலைந்து நிறுவனம் மாறியிருப்பீர்கள், ஒவ்வொன்றிலும் ஓர் உறுப்பினர் இலக்கம். தகப்பன் பெயரை ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் இன்னோரிடத்தில் முழுதாகவும், ஆங்கில எழுத்துக்கூட்டு ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் எழுதியிருந்தால் அந்தக் கணக்குகள் ஒன்றுசேரா. தேசிய அடையாள அட்டையில் உள்ள பெயரும் இலக்கமும் அதேபடி நிதியின் பதிவிலும் இருக்கிறதா என்று, திருத்தக்கூடிய ஆள் அந்த அலுவலகத்தில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.